டேஷ்போர்டு வாங்குவோர் கவனத்துக்கு

கம்பெனிக்கு ஒரு பி.ஐ. மென்பொருள் வாங்குவது என்று எம்.டி. முடிவெடுத்துவிட்டாரா? நல்லது. எதற்காக வாங்குகிறோம் என்பதை இனி நிதானமாகக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். அனேகமாக அவர் வேறொரு எம்.டி.யின் அறைக்குப் போயிருப்பார். அங்கே சுவர் முழுக்க ஒரு திரை, திரை முழுக்க வண்ண வண்ணப் பட்டைகள். திரும்பி வந்ததும் உங்களைக் கூப்பிட்டு, "அவங்களுக்குக் காலையில எட்டு மணிக்கே நேத்து சேல்ஸ் தெரியுது. நமக்கு இருபதாம் தேதி ஆனாலும் போன மாசக் கணக்கு வர மாட்டேங்குது, ஏன்?" என்று கேட்டிருப்பார்.

இந்த இடத்தில் உண்மையான பதிலைச் சொல்லிவிடாதீர்கள். டெஸ்பேட்ச் செக்ஷன் சலான்களை மூன்று நாளைக்கு ஒருமுறை கட்டாகச் சேர்த்து ஏற்றுகிறது, ஸ்டோர்ஸ் ரசீது போட ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறது, அதனால்தான் கணக்கு முடியவில்லை என்று சொன்னால், திரை வாங்கும் பேச்சே அடிபட்டுப்போகும். அப்புறம் நீங்கள் டெஸ்பேட்ச்சோடும் ஸ்டோர்ஸோடும் உட்கார்ந்து மல்லுக்கட்ட வேண்டும். மென்பொருள் வாங்குவது அதைவிட எவ்வளவோ சுலபம். பெயரும் கிடைக்கும்.

இந்தக் கையேடு மணலி, எண்ணூர், திருவொற்றியூர் வட்டாரத்து நிதிப்பிரிவுக்காரர்களுக்காக எழுதப்படுகிறது. பழைய மாமல்லபுரம் சாலைக்காரர்களும் படிக்கலாம், தடையில்லை. ஆனால் அவர்கள் விற்பது ஆள்மணி. ஆள்மணி வெயிலில் விரியாது, குழாயில் ஒட்டிக்கொள்ளாது, லாரி ஏறி இறங்கினால் எடை குறையாது. நம் சரக்கு இதையெல்லாம் செய்யும்.

தேர்வு செய்யும் முறை

கடையில் இருப்பவை நமக்குத் தெரிந்தவைதான். மைக்ரோசாஃப்ட்டின் பவர் பி.ஐ., டேப்லோ, க்ளிக், ஏற்கெனவே எஸ்.ஏ.பி. போட்டிருக்கிற கம்பெனிகளின் தலையில் அதன் கூடவே கட்டப்படுகிற அனலிட்டிக்ஸ், கூடுவாஞ்சேரிக்காரர்களின் ஸோஹோ அனலிட்டிக்ஸ். இவற்றுக்குள் எது உயர்ந்தது என்று கேட்டால், ஐந்தும் நீங்கள் கொடுப்பதைக் கூட்டிப் படம் போடும். கூட்டலில் தப்பு வராது. அதற்கு மேல் இவற்றை ஒப்பிட்டு நாற்பது பக்க அறிக்கை தயாரிக்க ஓர் ஆலோசகரை அமர்த்துங்கள். அவர் எதைச் சிபாரிசு செய்வார் என்பது அவர் எந்தக் கம்பெனியின் பார்ட்னர் என்பதைப் பொறுத்தது. விசிட்டிங் கார்டின் மூலையில் சின்னதாகப் போட்டிருக்கும்.

டெமோவுக்குச் சோழிங்கநல்லூரிலிருந்து வருகிறவர்களைக் காலை பத்து மணிக்கு வரச் சொல்லுங்கள். எம்.எஃப்.எல். சந்திப்பில் டிரெய்லர்களுக்குப் பின்னால் நின்று நின்று, பதினொன்றரைக்குத் தலைவலியோடு வந்து சேருவார்கள். அந்த நிலையில் அவர்கள் உங்களைச் சங்கடமான கேள்வி எதுவும் கேட்க மாட்டார்கள். நீங்களும் கேட்காதீர்கள். அவர்கள் காட்டும் மாதிரிக் கணக்கை மட்டும் ரசியுங்கள். மைக்ரோசாஃப்ட்டின் மாதிரிக் கம்பெனி பெயர் அட்வென்ச்சர் ஒர்க்ஸ். சைக்கிள் செய்து விற்கிறது. டேப்லோவின் மாதிரி சூப்பர்ஸ்டோர் என்ற கடை. நாற்காலி, மேசை, காகிதம் விற்கிறது. சைக்கிளை எண்ணிப் பார்த்தால் பத்து என்றால் பத்து. மத்தியானம் எண்ணினாலும் பத்துதான்.

உங்கள் சொந்தக் கணக்கை அவர்களிடம் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்வது பெரிய தவறு. அதிலும் மார்ச் 31 அன்றைய கணக்கைக் கொடுக்கவே கூடாது. அன்றைக்குத்தான் கேட்டைத் தாண்டாத லாரிக்குப் பில் போட்டிருப்போம். கேன்சல் ஆன பில், திரும்பி வந்த சரக்கு, டெபிட் நோட்டு, கிரெடிட் நோட்டு எல்லாம் அந்த ஒரே நாளில் குவிந்திருக்கும். அந்த ஒரு நாளை மட்டும் கொடுத்து, "எங்க டிரயல் பேலன்ஸோட ரூபாய் பைசா சுத்தமா ஒத்துப்போற மாதிரி இதை ஏத்திக் காட்டுங்க" என்று கேட்டால், எந்த மென்பொருள் நமக்குச் சரிவரும் என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். ஆலோசகரின் நாற்பது பக்கத்துக்கு அவசியமே இல்லாமல் போய்விடும்.

எந்தக் கம்பெனியின் பொருளை வாங்குகிறோம் என்பதைப் பற்றியும் ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். அது நிலைக்காது. 2007 என்ற ஒரே வருஷத்தில் ஹைப்பீரியனை ஆரக்கிள் வாங்கியது. பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸை எஸ்.ஏ.பி.யும் காக்னோஸை ஐ.பி.எம்.மும் வாங்குவதாக அறிவித்தன. 2019இல் டேப்லோவை சேல்ஸ்ஃபோர்ஸ் 1,570 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. நீங்கள் இன்றைக்கு ஒரு கம்பெனியோடு போடும் ஒப்பந்தத்தை, புதுப்பிக்கும் நாளில் வேறொரு கம்பெனி வேறொரு விலைப்பட்டியலோடு வந்து எடுத்துக்கொள்ளும். விலை என்றதும் ஞாபகம் வருகிறது: பவர் பி.ஐ. ப்ரோவுக்குத் தலைக்கு மாதம் 10 டாலர் என்று பல வருஷம் இருந்தது, 2025 ஏப்ரலில் 14 ஆயிற்று. நாற்பது பேருக்கு லைசென்ஸ் எடுங்கள். மூன்று பேர் லாகின் செய்வார்கள். மிச்சம் முப்பத்தேழு பேரும் அந்த மூவர் வாட்ஸாப்பில் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துக்கொள்வார்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஓர் எச்சரிக்கை. இந்தத் துறையின் மூல புருஷர் என்று சொல்லப்படுகிற ஐ.பி.எம்.மின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1958இல் எழுதிய கட்டுரையை உங்கள் எம்.டி. படித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டைப் படத்தையும் முள்ளையும் பற்றியது இல்லை அது. ஒரு நிறுவனத்துக்குள் எந்தத் தகவல் யாருக்குத் தேவையோ அவர் கைக்கு அது தானாகப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அவர் யோசனை. அப்படியானால் யாருக்கு என்ன தேவை என்று ஒவ்வொருவராகப் போய்க் கேட்க வேண்டிவரும்.

இருப்பு என்றால் எந்த இருப்பு

வாங்கியாயிற்று. சிஸ்டத்துக்குச் சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று. இனி மென்பொருள் போட வந்த பையன் முதல் நாளே ஒரு கேள்வி கேட்பான்: "சார், ஸ்டாக்னா எந்த நம்பர் சார் எடுக்கணும்?" வேலை மொத்தத்திலும் ஆபத்தான கட்டம் இதுதான். கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடுவோம்.

நம் வட்டாரத்தில் எண்ணெயோ கரைப்பானோ வைத்து வியாபாரம் செய்கிற எந்தக் கம்பெனியிலும் இருப்புக்குக் குறைந்தது மூன்று எண்கள் உண்டு.

முதலாவது தொட்டியில் இருப்பது. காலை ஷிப்டில் ஓர் அண்ணன் டேங்க் மேல் ஏறுவார். கையில் நுனியில் பித்தளைக் குண்டு கட்டிய டேப். குண்டில் தண்ணீர் பார்க்கும் பேஸ்ட்டைத் தடவுவார். அடியில் தண்ணீர் தங்கியிருந்தால் அந்த உயரம்வரை பேஸ்ட் நிறம் மாறும். டேப்பைத் துளைவழியே இறக்கி, குண்டு தரையைத் தொட்ட கணத்தில் சட்டென்று மேலே இழுத்து, எண்ணெய் நனைத்த கோட்டைப் படிப்பார். வெயிலில் லேசான சரக்கு அந்தக் கோட்டிலிருந்து பார்க்கப் பார்க்க உலர்ந்துவிடும். அதனால் இரண்டு தடவை எடுப்பார். பிறகு வெப்பநிலை, பிறகு ஒரு ஜாடியில் சாம்பிள் எடுத்து ஹைட்ரோமீட்டரில் அடர்த்தி. கீழே வந்து தொட்டியின் அளவு அட்டவணையைப் பார்த்து லிட்டராக்கி, அதை 15 டிகிரிக்குத் திருத்தி எழுதினால்தான் அது ஓர் எண். பத்து மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் டேப்பில் ஒரு மில்லிமீட்டர் தவறிப் படித்தால் கணக்கில் சுமார் 78 லிட்டர் கூடும் அல்லது குறையும். டீசல் மாதிரிச் சரக்கு 20 கிலோலிட்டர் டேங்கரில் வந்திருக்கிறது, ஏற்றிய இடத்துக்கும் இறக்கிய இடத்துக்கும் பத்து டிகிரி வித்தியாசம் என்றால் 150 லிட்டருக்கு மேல் யாரும் திருடாமலேயே கூடிக் குறையும்.

இரண்டாவது புத்தகத்தில் இருப்பது. இது எடைமேடைச் சீட்டிலிருந்து வருவது. லிட்டர் கிடையாது, கிலோ. கிராஸ், டேர், நெட். டேர் எடுக்கும்போது கிளீனர் டீ குடிக்கப் போயிருந்தாரா, கிராஸ் எடுக்கும்போது வண்டியில் உட்கார்ந்திருந்தாரா, நடுவில் டிரைவர் டீசல் நிரப்பினாரா, தார்பாய் மழையில் நனைந்திருந்ததா என்பதெல்லாம் நெட்டுக்குள் அடக்கம். டாலியோ எஸ்.ஏ.பி.யோ இந்தச் சீட்டைத்தான் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறது.

மூன்றாவது எண்ணைப் பற்றி மெதுவாகப் பேச வேண்டும். மாதாமாதம் கேஷ் கிரெடிட்டுக்காக வங்கிக்கு அனுப்பும் ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் இருக்கிற இருப்பு அது. டிராயிங் பவர் எவ்வளவு வேண்டுமோ அதிலிருந்து பின்னோக்கிப் போட்ட கணக்கு என்று பொல்லாதவர்கள் சொல்வார்கள். அந்தக் காலத்தில் இந்த மூன்றும் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது. 2021-22 நிதியாண்டு முதல் ஆடிட்டர் அறிக்கைக்கான காரோ 2020 விதிகள் வந்து, 5 கோடி ரூபாய்க்கு மேல் நடைமுறை மூலதனக் கடன் வரம்பு பெற்ற கம்பெனி வங்கிக்குக் கொடுக்கிற காலாண்டு ஸ்டேட்மெண்டும் கணக்குப் புத்தகமும் ஒத்துப்போகின்றனவா என்று ஆடிட்டரை எழுதச் சொல்லிவிட்டன. குடும்பத்துக்குள் இருந்த விஷயம் சபைக்கு வந்துவிட்டது.

ஆகவே பையன் கேட்ட கேள்விக்கு முறையான வழி ஒன்று உண்டு. ஸ்டோர்ஸ், அக்கவுண்ட்ஸ், பிளான்ட் மூன்றையும் ஒரே அறையில் உட்காரவைத்து, இருப்பு என்றால் இதுதான், இத்தனை மணி டிப்தான், இத்தனை சதவீதம்வரை வித்தியாசம் வந்தால் விட்டுவிடலாம், அதற்கு மேல் வந்தால் இன்னார் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குவது. ஒரு பக்கம்தான். ஆனால் அந்தக் கூட்டத்தில் பத்து வருஷத்துக் கசப்பெல்லாம் வெளியே வரும். டேங்க் அண்ணன், "நான் எழுதித் தர்றது ஒண்ணு, நீங்க ஏத்துறது ஒண்ணு, அப்புறம் எதுக்கு சார் என்னைத் தினம் மேல ஏத்துறீங்க?" என்று கேட்டாலும் கேட்டுவிடுவார். எனவே பையனிடம், "மூணையும் போடுப்பா, ஃபில்டர் வெச்சிடு" என்று சொல்லுங்கள். ஃபில்டர் என்பது இந்த மென்பொருள்களின் மிக அருமையான வசதி. ஸ்டோர்ஸ் மேனேஜர் தனக்குப் பிடித்த எண்ணைப் பார்ப்பார், வங்கிக்காரர் வந்தால் அவருக்குப் பிடித்ததைப் பார்ப்பார். எல்லாரும் ஒரே டேஷ்போர்டைப் பார்ப்பதாகவே பேச்சு.

அக்கம்பக்கத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்

பெரிய கம்பெனிகளின் அளவுகோல்களை அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டால் டேஷ்போர்டு கம்பீரமாக இருக்கும். நமக்குப் பக்கத்திலேயே சென்னை பெட்ரோலியம் இருக்கிறது. 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்று தொடங்கி, 1969இல் 25 லட்சம் டன்னோடு ஓட ஆரம்பித்து, இன்றைக்கு ஆண்டுக்கு 105 லட்சம் டன் கொள்ளளவில் நிற்கிறது. சுத்திகரிப்பு ஆலைக்காரர்கள் எதைக் கேட்டாலும் ஜி.ஆர்.எம். என்பார்கள்: ஒரு பீப்பாய் கச்சாவுக்குக் கொடுத்த விலைக்கும், அதைப் பிரித்து வந்த பொருள்களின் விலைக்கும் உள்ள வித்தியாசம், டாலரில். ஒரு டன் என்பது ஏறக்குறைய 7.3 பீப்பாய். முழுக் கொள்ளளவில் ஓடினால், பீப்பாய்க்கு ஒரே ஒரு டாலர் ஆடினால் வருஷத்துக்கு 600 கோடி ரூபாய்க்கு மேல் ஆடும். அந்த ஒரு டாலர் சில சமயம் மணலியிலேயே இருக்காது. கப்பலில் வந்து சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, குழாய் வழியே ஆலைக்கு வந்து, தொட்டியில் நின்று, காய்ச்சப்படுவதற்குள் உலகச் சந்தையில் விலை இறங்கினால் பழைய விலைக்கு வாங்கிய கச்சாவைப் புதிய விலைக்கு விற்ற கதைதான். 2020 ஜனவரியில் 65 டாலருக்கு மேல் இருந்த பிரென்ட், மார்ச் கடைசியில் 25க்கும் கீழே கிடந்தது. 2019-20இல் சென்னை பெட்ரோலியத்துக்கு 2,000 கோடிக்கு மேல் நஷ்டம். மூன்று வருஷம் கழித்து, 2022-23இல், 3,500 கோடிக்கு மேல் லாபம். ஆலை அதே ஆலை.

இதில் உங்களுக்குப் பாடம் என்னவென்றால், கையிருப்பு விலை ஏறியதால் வந்த லாபத்தையும், உழைத்து வந்த லாபத்தையும் தனித்தனிப் பட்டையாகக் காட்டாதீர்கள். ஒன்றாகவே போடுங்கள். விலை ஏறிய வருஷம் மார்க்கெட்டிங் மேனேஜருக்கு இன்கிரிமென்ட் கிடைக்கும். இறங்கிய வருஷம் உலகப் பொருளாதாரத்தைத் திட்டிக்கொள்ளலாம்.

விற்றுமுதல் பட்டையிலும் இப்படி ஒரு வசதி உண்டு. பெட்ரோல், டீசல், கச்சா, விமான எரிபொருள், இயற்கை எரிவாயு ஐந்தும் 2017இல் வந்த ஜி.எஸ்.டி.க்குள் இன்னும் வரவில்லை. ஜி.எஸ்.டி. போடும் பொருளில் வரியைக் கழித்துத்தான் விற்றுமுதல் எழுதுகிறோம். சுத்திகரிப்பு ஆலைகளோ கலால் வரியைச் சேர்த்தே காட்டுகின்றன. முடிவறிக்கையில் அதை வெளிப்படையாகவே எழுதியும்விடுகின்றன. டேஷ்போர்டில் அப்படி எழுத இடம் இருக்காது. கிரீஸ் டப்பா விற்கும் உங்கள் கம்பெனியின் பட்டையை அந்தப் பட்டைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டுகிற ஸ்லைடு ஒன்று ஆலோசகரிடம் எப்போதும் தயாராக இருக்கும்.

சாலையைத் தாண்டினால் மெட்ராஸ் ஃபெர்ட்டிலைசர்ஸ். 45 கிலோ யூரியா மூட்டைக்கு விவசாயி கொடுப்பது 266 ரூபாய் 50 காசு. செய்து முடிக்க ஆகிற செலவு அதைப்போலப் பல மடங்கு. மிச்சம் டெல்லியிலிருந்து மானியமாக வர வேண்டும். மூட்டை மணலியைவிட்டுக் கிளம்பினால் மானியம் வந்துவிடாது. எங்கோ ஓர் உரக்கடையில் விவசாயி கைரேகை வைத்து, பாயின்ட் ஆஃப் சேல் இயந்திரத்தில் விற்பனை பதிவாக வேண்டும். நாடு முழுக்க 2018 முதல் இதுதான் நடைமுறை. அப்படியானால் விற்பனை என்பது எந்த நாள்? ஆலை கேட்டைத் தாண்டிய நாளா, கடைக்குப் போன நாளா, கைரேகை விழுந்த நாளா, பணம் வந்த நாளா? உரக் கம்பெனிக் கணக்குப்பிள்ளைகளுக்கு இது தினசரிப் பாடு. அதனால் தலைப்புக்குத் தலைப்புத் தெளிவாகப் பிரித்து வைத்திருப்பார்கள். உங்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. "சேல்ஸ்" என்று ஒரே தலைப்புப் போட்டுக்கொள்ளலாம்.

தர வேண்டிய பாக்கிப் பட்டியலிலும் இதே கைங்கரியம் செய்யலாம். குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், உண்மையில் பணம் கொடுக்கிற வருஷத்தில்தான் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியும். வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த 43பி (எச்) என்ற உட்பிரிவு 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. மணலியில் வால்வு பழுது பார்ப்பவர், கேஸ்கெட் வெட்டித் தருபவர் எல்லாரும் அந்தப் பட்டியலில் வருகிறவர்கள்தான். நாளை எங்கிருந்து எண்ணுவது என்று பையன் கேட்டால், சரக்கை ஏற்றுக்கொண்ட தேதியிலிருந்து என்று சொல்ல வேண்டும். பில்லை அக்கவுண்ட்ஸ் மேசையில் வைத்த தேதியிலிருந்து என்று சொன்னால் படம் பச்சையாக வரும்.

நடுவில் ஓர் எக்ஸெல்

கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற பதிவு தானாக விழ வேண்டும், அதை நிறுத்தவும் முடியக் கூடாது என்று கம்பெனி விதிகள் சொல்கின்றன. இரண்டு முறை தள்ளிவைத்து 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாயிற்று. இதனால் கலங்க வேண்டாம். டாலிக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் ஒரு எக்ஸெல் ஃபைல் இருக்கும். இல்லாவிட்டால் உண்டாக்குங்கள். "ஃபைனல்_புதுசு_சரியானது_3" என்கிற மாதிரி ஒரு பெயர் வையுங்கள். கணக்கிலிருந்து எண்கள் அதற்குள் இறங்கும். "சின்ன அட்ஜஸ்ட்மென்ட்" ஆகும். அதிலிருந்து திரைக்கு ஏறும். அந்த அட்ஜஸ்ட்மென்ட் ஏன் என்று தெரிந்த ஒரே ஆள், இருபது வருஷமாக அக்கவுண்ட்ஸில் இருக்கிற அக்கா. அவர் லீவு எடுக்கும் நாளில் திரை பழைய எண்ணையே காட்டும். பவர் பி.ஐ. ப்ரோ ஒரு நாளைக்கு எட்டு முறை தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று விற்றவர் சொன்னாரல்லவா, அது உண்மைதான். எட்டு முறையும் அதே பழைய எண் புத்தம்புதிதாக வந்து நிற்கும்.

எக்ஸெல் இங்கே மட்டும்தான் இப்படி என்று தாழ்வு மனப்பான்மை வேண்டாம். 2020 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்ஸெல் வடிவத்துக்கு மாற்றி ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிகள்தான். அதற்கு மேல் வந்ததை அது சத்தமில்லாமல் விட்டுவிட்டது. ஏறக்குறைய 16,000 நோயாளிகள் சில நாட்களுக்குக் கணக்கிலேயே இல்லை. அந்த நாட்களில் அவர்களுடைய டேஷ்போர்டு எவ்வளவு நம்பிக்கையாக இருந்திருக்கும்.

அன்றாடப் பயன்பாடு

வண்ணங்களைப் பற்றி நிறையச் சொல்லலாம். ஒரு வரி போதும். இலக்கை வைத்துவிட்டு நிறம் பார்க்காதீர்கள், நிறத்தைப் பார்த்துவிட்டு இலக்கு வையுங்கள்.

ஸ்கிரீன்ஷாட் விஷயத்துக்கு வருவோம். உங்கள் கம்பெனி பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது என்றால், காலாண்டு முடிவு வெளிவருவதற்கு முன் அந்த எண்கள் வெளியே தெரியாத விலைசார் தகவல். செபியின் 2015ஆம் ஆண்டு உள்வணிக விதிகளின்படி அதை யார் யார் அறிந்தார்கள் என்று பெயரோடு ஒரு பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும். காலாண்டு முடிந்த நாளிலிருந்து, முடிவு அறிவித்து 48 மணி நேரம் ஆகும்வரை அறிந்தவர்கள் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது. இப்போது உங்கள் திரை விற்பனையையும் லாபத்தையும் தினம் தினம் நாற்பது பேருக்குக் காட்டுகிறது. அந்த நாற்பது பேரும் பதிவேட்டில் இருக்கிறார்களா என்று கம்பெனி செக்ரட்டரி கேட்பார். யாருக்கு எந்தப் பக்கம் தெரிய வேண்டும் என்று வரிவரியாக அனுமதி கொடுக்கிற வசதி எல்லா மென்பொருளிலும் இருக்கிறது, அதைச் சரியாக அமைக்க இரண்டு வாரம் பிடிக்கும். அதற்குள் ஸ்கிரீன்ஷாட் "குட்மார்னிங் ஃபேமிலி" குழுவுக்குப் போயிருக்கும். ரிசப்ஷனில் வேறு ஒரு டிவியை மாட்டி அதையே ஓட விட்டிருப்பார்கள். பார்சல் கொண்டுவரும் பையனுக்குக்கூட நம் எபிட்டா தெரியும்.

சத்யம் கம்ப்யூட்டர்ஸை யாராவது இழுத்தால் பேச்சை மாற்றுங்கள். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவரே எழுதிய கடிதத்தின்படி, புத்தகத்தில் காட்டிய ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி. அதில் 5,040 கோடி இல்லவே இல்லை. அது மென்பொருள் கம்பெனி. படம் போடத் தெரியாதவர்கள் இல்லை. அங்கே குறைந்தது, வங்கி நேரடியாக அனுப்பும் பேலன்ஸ் கடிதத்தைப் புத்தகத்தோடு ஒட்டிப் பார்க்கிற பழைய காலத்து வேலை. திரைக்குள் இருக்கும் எண்ணைத் திரைக்கு வெளியே இருக்கும் ஏதாவது ஒன்றோடு, வங்கிக் கடிதமோ டேங்க் டிப்போ எடைமேடைச் சீட்டோ, மாதம் ஒருமுறை ஒப்பிடுகிற பழக்கம் உங்கள் ஆபீஸில் எவருக்காவது இருந்தால் அவரை வேறு செக்ஷனுக்கு மாற்றுவது நலம். அவர் கையில் சிவப்புப் பேனா வேறு வைத்திருப்பார்.

ரிவ்யூ மீட்டிங்கில் எண் உதைத்தால் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்றுதான்: "டேட்டா இன்னும் ரிஃப்ரெஷ் ஆகலை சார்." இதை மறுத்துப் பேசிய எம்.டி. இந்த வட்டாரத்தில் இதுவரை பிறக்கவில்லை. இரண்டாவது முறையும் உதைத்தால், "கனெக்டர்ல ஒரு சின்ன இஷ்யூ, வெண்டாருக்கு டிக்கெட் போட்டிருக்கோம்." மூன்றாவது முறை நிலைமை வருவதற்குள் டீ வந்துவிடும்.

இப்போது புதிதாக ஏ.ஐ. பகுதி ஒன்றையும் சேர்த்தே விற்கிறார்கள். பட்டையைப் பார்க்கக்கூட வேண்டாமாம், வாயால் கேட்டால் போதுமாம். கேட்டுப் பாருங்கள். 2023 டிசம்பரில் விற்பனை ஏன் சரிந்தது என்று கேட்டால், முந்தைய மாதங்களோடு ஒப்பிட்டு, பிராந்தியவாரியாகப் பிரித்து, பருவகாலப் போக்கு என்று நாலு பத்தியில் அழகாக எழுதித் தரும். அந்த மாதம் நாலாம் தேதி மிக்ஜாம் புயலில் மணலியே தண்ணீரில் நின்றது, எண்ணூர் முகத்துவாரம்வரை எண்ணெய் படர்ந்தது, வண்டி எதுவும் உள்ளே வர முடியவில்லை என்பது எந்த வவுச்சரிலும் இல்லை. செக்யூரிட்டி கேபினில் இருக்கும் கேட் ரிஜிஸ்டரில் இருக்கும், பால்பாயின்ட் பேனாவில்.

ஏ.ஐ. பகுதிக்கான டெமோவை வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வையுங்கள். லைசென்ஸ் செலவை ஐ.டி. தலைப்பில் போடாமல் டிரெயினிங் தலைப்பில் போட்டால் இந்த வருஷ பட்ஜெட்டிலேயே அடங்கும். டேங்க் அண்ணன் புது டேப் கேட்டு ஸ்டோர்ஸ் மூலம் அனுப்பிய இன்டென்ட் மூன்று மாதமாக அப்ரூவலுக்கு நிற்கிறதே என்று யாராவது ஞாபகப்படுத்தினால், எந்தச் செலவுத் தலைப்பில் வருகிறது என்று விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்புங்கள்.